வளையல் எங்கே போச்சு?

போன பொங்கலுக்குக் கும்பகோணம் போயிருந்தபோது அம்மாவுக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போட்டுக் காட்டினேன். வீட்டுக்குப் புது டிவி வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ரிமோட்டில் மைக் பொத்தானை அமுக்கிப் படத்தின் பெயரைச் சொன்னால் போதும், தானாக வந்து நிற்கும் என்று, ஏதோ நானே கண்டுபிடித்த வித்தை மாதிரி அவளிடம் பீற்றிக்கொண்டேன். வந்தும் நின்றது. அம்மா பதினாறு வயதில் பாட்டியோடு தியேட்டரில் பெண்கள் பக்கம் உட்கார்ந்து பார்த்த படம் அது. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் எந்த ஆப், யாரிடம் உரிமை என்று பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். என்னை ஏழெட்டு மாதமாக அரித்துக்கொண்டிருப்பது வேறு.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அம்மா நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். "இப்பப் பாரு. அக்காக்காரி அடுப்படியில ஒத்தை வளையலைக் கழட்டித் தம்பி கையில வைப்பா. ஒரு வார்த்தை பேச மாட்டா" என்றாள். அடுத்த காட்சியில் தம்பி ரயிலில் உட்கார்ந்திருந்தான். "வரும், இனிமே வரும்" என்றாள். ரயில் போய்ச் சேர்ந்து, தம்பிக்கு வேலை கிடைத்து, அவன் ஒரு பாட்டும் பாடி முடித்துவிட்டான். வளையல் வரவில்லை. "வெட்டிட்டானுங்கடி" என்றாள். நான் சிரித்தேன். "இல்லம்மா, நீ வேற ஏதாவது படத்துல பார்த்திருப்ப. இதுல எல்லாம் முழுப் படம்தான் போடுவாங்க" என்றேன். அவள் விடவில்லை. "அப்ப அவ இடது கையில வளையல் எங்க போச்சு? முன்னாடி இருந்துச்சுல்ல?" நான் கவனித்திருக்கவில்லை. பின்னால் தள்ளிப் பார்த்திருக்கலாம். பொங்கல் வேலை கிடந்தது. பார்க்கவில்லை.

இரண்டு வருடமாக அம்மாவுக்குக் கொஞ்சம் மறதி. சாப்பிட்ட மாத்திரையைச் சாப்பிடவில்லை என்பாள். காஸ் புக் பண்ணியதை மறந்து மறுபடி போன் போடுவாள். தம்பி மகனைக் கூப்பிடும்போது பெரியப்பா பெயர் வாயில் வரும். வயதுக்கு உண்டானதுதான், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாங்களும் பயப்படவில்லை. ஆனால் நானும் தம்பியும் எங்களை அறியாமலே ஒரு பழக்கத்துக்கு வந்திருந்தோம். அம்மா எதைச் சொன்னாலும் முதல் வார்த்தையாக "இல்லம்மா" என்று ஆரம்பிப்போம். அந்தக் கணக்கில் வளையலையும் சேர்த்துவிட்டேன். அன்றிரவு பாத்திரம் துலக்கிக்கொண்டே அவள் தனக்குத்தானே "அம்மா அழுதாளே அந்த எடத்துல" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

பிரிண்ட் எப்படி?

இத்தனைக்கும் நான் திரையில் வருவதை அப்படியே நம்பி வளர்ந்தவள் இல்லை. எங்கள் வயதுக்காரர்கள் வீட்டில் படம் பார்க்கப் பழகியதே சந்தேகத்தோடுதான். கல்யாண வீட்டில் டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் போடுவார்களே, அப்போதே நடுவில் கோடு ஓடும், பாதிப் பாட்டில் டேப் சிக்கும். அப்புறம் விசிடி வந்தது. அகலத்தில் 352, உயரத்தில் 288 புள்ளி. அவ்வளவுதான் அதன் படம். ஒரு சிடியில் 74 நிமிடம், இழுத்துப் பிடித்தால் 80. நம் படங்களோ இரண்டே முக்கால் மணி நேரம். இரண்டு சிடியில் அடங்காது, மூன்றாவது போட்டால் செலவு. எதில் கை வைப்பார்கள்? பாட்டில் வைப்பார்கள், இல்லாவிட்டால் காமெடியில் வைப்பார்கள். இரண்டாவது சிடியை மாற்றிப் போடும் இடைவெளியில் அப்பா எழுந்து போய் வெற்றிலை போட்டுக்கொண்டு வருவார். ஒரு காட்சி போனது தெரிந்தால் "முழுங்கிட்டான்" என்று சொல்லிவிட்டு மேலே பார்ப்பார். ஆச்சரியப்பட அதில் ஒன்றும் இல்லை.

அதனால்தான் சிடி கடையில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி "பிரிண்ட் எப்படி?" என்பதாக இருந்தது. கடைக்காரரும் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்வார். தியேட்டரில் கேமரா வைத்து எடுத்தது, ஆள் தலை தெரியும். இது வெளிநாட்டு டிவிடியிலிருந்து போட்டது, நல்லா இருக்கும். இதில் ஐந்து படம் இருக்கு, ஆனால் மங்கலாத்தான் தெரியும். ஒரு படத்துக்கான 4.7 ஜிபியில் ஐந்து படத்தைத் திணித்தால் வேறெப்படித் தெரியும்? ஒப்புக்கொள்கிறேன், எங்கள் வீட்டில் இருந்ததில் முக்கால்வாசி திருட்டு சிடிதான். 2004இல் குண்டர் சட்டத்துக்குள் திருட்டு வீடியோக்காரர்களையும் கொண்டுவந்தபோது எங்கள் தெருக் கடை ஒரு மாதம் பூட்டிக் கிடந்தது. திறந்த பிறகு ஷோகேஸில் பக்திப் பாடல் சிடி மட்டும் இருக்கும். மற்றதெல்லாம் கேட்டால்தான் உள்ளேயிருந்து வரும்.

2007 வாக்கில் மோசர் பேயர் வந்து அந்த வியாபாரத்தின் அடிமடியிலேயே கை வைத்தது. வெற்று டிஸ்க் தயாரித்துக்கொண்டிருந்த டெல்லிக் கம்பெனி, உரிமையோடு வாங்கிய படத்தை விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று இறக்கியது. திருட்டு சிடி விலைக்கே ஒரிஜினல். மளிகைக் கடையில் சோப்பு அடுக்குக்குப் பக்கத்தில் பழைய படங்கள் தொங்கின. எனக்கு முதல் சம்பளம் வந்த காலம் அது. மாதம் நாலைந்து வாங்குவேன். வாங்கிக்கொண்டு வந்தால் அம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எத்தனை பாட்டு விட்டிருக்கான்?" என்பாள். அது கேலி இல்லை, அரிசி வாங்கினால் கல் இருக்கிறதா என்று பார்ப்பாளே, அந்த மாதிரி.

ஆப்பில் அந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது? அங்கே படங்கள் வரிசையாக, ஒரே அளவில், ஒரே பளபளப்பில் நிற்கின்றன. நேற்று வந்த படமும் அம்மாவின் பதினாறு வயதுப் படமும் ஒரே மாதிரிச் சட்டத்துக்குள் இருக்கின்றன. அதன் கீழே 2 மணி 21 நிமிடம் என்று போட்டிருந்தால் படமே அவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்கிறோம். கோடு ஓடவில்லை, டேப் சிக்கவில்லை, ஆள் தலை தெரியவில்லை. இவ்வளவு சுத்தமாக இருக்கும் ஒன்று எதையாவது விழுங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் நாள் சண்டை

டிஸ்க்குக்கும் ஆன்லைனுக்கும் நடந்த போட்டி என்று யோசித்தால் நம் ஊரில் நினைவுக்கு வருவதெல்லாம் புதுப் படச் சண்டைகள்தாம். 2012 கடைசியில் கமல்ஹாசன் விஸ்வரூபத்தைத் தியேட்டருக்கு முன்பே டிடிஎச்சில் போடுகிறேன் என்றதும் தியேட்டர்காரர்கள் கொதித்தார்கள், அந்தத் திட்டம் நடக்கவில்லை. 2015இல் இயக்குநர் சேரன் சி2எச் (சினிமா டு ஹோம்) என்று ஆரம்பித்து, தன் ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை படத்தை 50 ரூபாய் டிவிடியாக வீட்டு வாசலுக்கே அனுப்பினார். முறையாக வாங்கிய டிஸ்க்கை வைத்தே திருட்டு டிஸ்க்கை அடிக்கலாம் என்ற நல்ல நினைப்பு. அதுவும் நீடிக்கவில்லை. கடைசியில் கொரோனா வந்து தியேட்டரையே பூட்டிய பிறகு, 2020 மே மாதம் பொன்மகள் வந்தாள் நேராக அமேசான் பிரைமில் வந்தது. அப்போதும் தியேட்டர்காரர்கள் கோபப்பட்டார்கள், ஆனால் வழி திறந்துவிட்டது. இன்றைக்குத் தியேட்டரில் வந்த படம் நான்கே வாரத்தில் வீட்டுக்கு வருவது சாதாரணம். யாருக்கு முதல் நாள், யாருக்கு நான்காவது வாரம், அதுதான் வழக்கு. ஐம்பது வருடத்துக்கு முந்தைய படத்துக்காக யாரும் பிரஸ் மீட் வைக்கவில்லை.

இந்தச் சண்டைக்கு நடுவில் டிஸ்க் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தது. மோசர் பேயரைக் கலைக்கச் சொல்லி 2018இல் உத்தரவு வந்தது. 2019இல் சாம்சங் அமெரிக்காவில் புது புளூ-ரே பிளேயர் மாடல் இறக்குவதை நிறுத்தியது. நெட்ஃப்ளிக்ஸ் என்றால் நமக்கு ஆப்தான் தெரியும். அமெரிக்காவில் அது 1998இலிருந்து உறையில் போட்டு டிவிடியைத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்த கம்பெனி. 2007இல் ஆன்லைனில் காட்ட ஆரம்பித்த பிறகும் தபாலை விடவில்லை. 520 கோடிக்கும் மேல் டிஸ்க் அனுப்பிவிட்டு, 2023 செப்டம்பர் 29 அன்று கடைசி உறையை அனுப்பி அந்தக் கடையை மூடியது. கையில் இருக்கும் டிஸ்க்கைத் திருப்பித் தர வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது.

என் பங்குக்கு நானும் ஒரு காரியம் செய்தேன். 2021இல் வீடு மாறும்போது, லேப்டாப்பில் சிடி போடும் இடமே இல்லை, இதையெல்லாம் எதற்குத் தூக்கிக்கொண்டு அலைவது என்று என் டிஸ்க்குகளை எடுத்து வெளியே வைத்தேன். பழைய பேப்பர்காரர் எடைக்குக்கூட வேண்டாம் என்றார். ஒரு இருபது டிஸ்க்கை நூலில் கோத்து, புறா வராமல் இருக்கப் பால்கனியில் தொங்கவிட்டேன். புறா வந்துகொண்டுதான் இருந்தது.

மாமாவின் பவுச்

ஆடிப்பெருக்குக்கு ஊருக்குப் போனபோது பட்டுப்புடவைகளை வெளியே எடுத்துக் காற்றாட விட வேண்டும் என்று அம்மா பீரோவைத் திறக்கச் சொன்னாள். புடவைகளுக்கு அடியில் ஜிப் வைத்த சிடி பவுச் ஒன்று கிடந்தது. சிங்கப்பூரிலிருந்து மாமா வரும்போதெல்லாம் கோடாலித் தைலம், பால் பவுடரோடு சிராங்கூன் ரோட்டுக் கடைகளில் வாங்கிய தமிழ் டிவிடி பத்துப் பதினைந்து கொண்டுவருவார். பெட்டியில் இடம் அடைக்கிறது என்று பிளாஸ்டிக் டப்பாவை அங்கேயே எறிந்துவிட்டு டிஸ்க்கை மட்டும் பவுச்சில் செருகிக் கொடுப்பார். மாமா போய் ஆறு வருடமாகிறது. தன் தம்பி ஞாபகமாக அம்மா அதைப் புடவைக்கு அடியில் வைத்திருந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்தேன். ஒன்பதாவதோ பத்தாவதோ, அந்தப் படம்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லி, போட்டுப் பார்த்து, அதிலும் வளையல் இல்லாமல் போனால்? அந்த பயம் இருந்தது. இன்னொரு பயமும் இருந்தது, அதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அதில் வளையல் இருந்துவிட்டால் என்ன செய்வது?

சென்னை திரும்பியதும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் 1,200 ரூபாய்க்கு யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்று வாங்கினேன். கடைப் பையன் பரணில் ஏறி, தூசி தட்டி எடுத்துக்கொடுத்தான். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கும்பகோணம் கொண்டுபோய், லேப்டாப்பில் மாட்டி, லேப்டாப்பை டிவியில் மாட்டி, கூடம் முழுக்க ஒயராக்கினேன். டிரைவ் சுற்ற ஆரம்பித்த சத்தம் கேட்டதும் அம்மா, "மிக்சி ஓடுதா?" என்றாள்.

படம் ஆப்பில் பார்த்ததைவிட மங்கல்தான். அதில் சந்தேகமே இல்லை. ஆப்பில் யாரோ உட்கார்ந்து கீறல்களைத் துடைத்திருந்தார்கள், இதில் மழை பெய்துகொண்டிருந்தது. ஆனால் திரையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்து படம் சதுரம் மாதிரி நடுவில் நின்றது. அப்போதுதான் உறைத்தது. அந்தக் காலத்துப் படங்கள் கிட்டத்தட்டச் சதுரச் சட்டத்துக்கு எடுக்கப்பட்டவை. இன்றைய அகல டிவியில் இடைவெளி தெரியக் கூடாது என்று ஆப்பில் படத்தைப் பெரிதாக்கி மேலும் கீழும் நறுக்கியிருந்தார்கள். அப்படி நறுக்கினால் படத்தில் கால் பங்கு போய்விடும். முதல் பாதியில் கோயில் மண்டபத்தில் ஒரு நடனம் வரும். ஆப்பில் நாட்டியக்காரியின் கணுக்காலுக்கு மேல்தான் தெரிந்தது. இதில் சலங்கை தெரிந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கால் விரலால் தரையில் தாளம் போட்டாள்.

அப்புறம் அது வந்தது. அடுப்படி. அக்கா அடுப்பை ஊதிவிட்டு எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, இடது கை வளையலைக் கழற்றப் பார்க்கிறாள். வரவில்லை. பக்கத்தில் இருக்கும் எண்ணெய்க் கிண்ணத்தில் விரலைத் தொட்டு மணிக்கட்டில் தடவிக் கழற்றுகிறாள். தம்பி உள்ளங்கையில் வைத்து அவன் விரல்களை மூடுகிறாள். வசனம் இல்லை. நாற்பது நொடி இருந்தால் அதிகம். அம்மா சொன்னது அப்படியே இருந்தது. எண்ணெயை மட்டும் அவள் சொல்லியிருக்கவில்லை.

நான் நிறுத்தினேன். என்னிடம் அவள் "பார்த்தியா, நான் சொன்னேன்ல?" என்று கேட்டிருந்தால் எளிதாகப் போயிருக்கும். அவள் கேட்கவில்லை. திரையைப் பார்த்தபடியே, "பாட்டி வளையலும் இப்படித்தான் போச்சு. என் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு. எண்ணெய் போட்டுத்தான் கழட்டுனா" என்றாள். ஐம்பது வருடத்துக்கு மேலாக ஒரு படத்தின் நாற்பது நொடியை அவள் ஏன் அப்படிப் பிடித்துவைத்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதைத்தான் நான் பொங்கலன்று சிரித்துக்கொண்டே மறதிக் கணக்கில் எழுதியிருந்தேன்.

யார் வெட்டியது?

அன்றிலிருந்து இதையே சுற்றிச் சுற்றி வருகிறேன். ஆப்காரர்களே வேண்டுமென்று வெட்டியிருக்க வாய்ப்பு குறைவு. என் ஊகம், எப்போதோ டிவியில் விளம்பரத்தோடு மூன்று மணி நேரத்துக்குள் அடக்க வெட்டிய பிரதி ஒன்று கைமாறிக் கைமாறி அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். அதைத் துடைத்து, பெரிதாக்கி, நறுக்கிப் போட்டிருப்பார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. விசிடிக்காரன் பாட்டை முழுங்கியபோதும் கெட்ட எண்ணம் இல்லை, இரண்டு சிடியில் அடங்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவன் முழுங்கிய விசிடி ஒரு வீட்டில் இருந்தால், முழுங்காத டிவிடி வேறொரு வீட்டில் பீரோவுக்குள் இருந்தது. ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்க்கலாம். எல்லா வீட்டு டிவிக்கும் ஒரே இடத்திலிருந்து படம் வரும்போது, அந்த இடத்தில் இல்லாத காட்சி எந்த வீட்டிலும் இல்லை. அப்படி ஒன்று இருந்தது என்று சொல்ல அம்மா மாதிரி ஒருத்தி வேண்டும், அவளை நம்ப ஆளும் வேண்டும்.

சட்டம் வேறு ஒரு பக்கம் இருக்கிறது. அமெரிக்காவில் நெட்ஃப்ளிக்ஸ் டிவிடி காலத்தில் கடைக்குப் போய் வாங்கிய டிஸ்க்கைக்கூட வாடகைக்கு விடலாம், படக் கம்பெனியைக் கேட்க வேண்டியதில்லை. வாங்கிய பொருள் வாங்கியவருடையது. அதனால்தான் அந்தத் தபால் பட்டியலில் கிடைத்த பல படங்கள் ஆன்லைன் பட்டியலில் கிடைக்கவில்லை. ஆன்லைனில் ஒவ்வொரு படத்துக்கும் ஒப்பந்தம் போட வேண்டும், ஒப்பந்தத்துக்குத் தேதி உண்டு, தேதி முடிந்தால் படம் இறங்கிவிடும். காசு கொடுத்து 'வாங்கு' என்ற பொத்தானை அமுக்கினாலும் கதை பெரிதாக மாறாது. அந்தப் பொத்தானில் 'வாங்கு' என்று போடுவதானால், கிடைப்பது பார்க்கும் அனுமதி மட்டும்தான் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் ஒரு சட்டமே போட்டு, 2025 ஜனவரியிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு நான் மறுபடியும் டிஸ்க் சேர்க்க ஆரம்பித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அம்மாவுக்குத் தினமும் மாலையில் படம் ஓடுவது ஆப்பில்தான். மைக்கில் பெயர் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டாள். முழங்கால் வலியோடு எழுந்து டிஸ்க் மாற்ற அவளால் முடியாது. எனக்கும் அந்த ஒயர்களைச் சுருட்டி வைக்கப் பொறுமை இல்லை. பவுச்சில் இருக்கும் மற்ற டிஸ்க்குகளை மட்டும் எடுத்துத் துடைத்து, தலைகீழாகப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்து, திரும்ப வைத்தேன். மூன்று நான்கில் விளிம்போரம் வெள்ளையாகப் பூத்திருந்தது. நாங்கள் பார்த்த டிஸ்க்கும் அதில் ஒன்று.

அது அன்றைக்கே தெரிந்துவிட்டது. வளையல் காட்சிக்கு அப்புறம் ஒரு மணி நேரம் நன்றாக ஓடிய படம், கடைசிக் கால் மணி நேரம் இருக்கும்போது கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. ஒரே அடுக்கு உள்ள அந்த மாதிரி டிவிடியை டிரைவ் உள் வட்டத்திலிருந்து வெளிப்பக்கமாகப் படித்துக்கொண்டு போகும். விளிம்பு கெட்டால் போவது கிளைமாக்ஸ்தான். எடுத்துத் துடைத்துப் போட்டேன், ஈரத் துணியால் துடைத்துப் போட்டேன், வேட்டித் துணியால் துடைத்துப் போட்டேன். டிரைவ் மிக்சி மாதிரி கத்தியது, தம்பி முகம் பாதியில் நின்றது. அவன் ஊருக்குத் திரும்பி வரும் இடம் அது. கையில் புது வளையல்.

"சரி விடு, ஆப்பிலேயே போட்டுடறேன்" என்று ஒயரைப் பிடுங்கி, ரிமோட்டை எடுத்துப் பெயரைச் சொல்லி, கடைசிக்கு ஓட்டினேன். பளிச்சென்று வந்தது. அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"முடிவையாவது வுட்டு வச்சிருக்கானாடி?" என்றாள்.